கொள்ளாம் என்றார் மேனேஜர்

அந்த வயதில் எனக்கு இலக்கணத் திமிர் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, தமிழை முறையாகப் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவன். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே பகுதி எது, விகுதி எது என்று பிரித்துப் பார்த்துவிடுவேன். அந்தப் புத்தியால் என் முதல் வேலைக்கு நானே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் தென்காசிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் மூன்று மைல் நடந்தால் வரும் சின்ன ஊரில் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரே கூடம். ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருவன்தான் வாத்தியார். செங்கோட்டை திருவாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊர்க்காரர்களே நடத்திய பள்ளி என்பதால், மேனேஜர் என்று, வயலும் மாடும் வைத்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியை வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாலிபத்தில் ஆரியங்காவு தாண்டிப் போய் மிளகும் பலாப்பழமும் வியாபாரம் செய்தவர். அதிகம் பேசமாட்டார். கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து அவருக்குத் தெரியாது.

“மூணு மாசம் பாப்போம். சரிப்பட்டா இருங்க” என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த மூன்று மாதத்தில்தான் என் குடித்தனமும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. “வேலை நிலைக்கட்டும் மாப்பிள்ளை, அப்புறம் பெண்ணை அனுப்புகிறேன்” என்று மாமனார் சொல்லிவிட்டார். வேலை நிலைக்கும் என்று அவர் நம்பவில்லை என்பது அந்த ‘அப்புற’த்திலேயே தெரிந்தது. என் மனைவி வாரம் ஒரு கார்டு போடுவாள். ஊர்ச் செய்தி எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘எப்போது?’ என்று கேட்டிருப்பாள். பதில் சொல்லத் தெரியாமல் நான் மழையைப் பற்றி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். ஒருவன் மட்டும் இந்தியாவின் தலைநகரம் தென்காசி என்றான். அவர் சிரித்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்ற மேனேஜரிடம், “புது வாத்தியார் எப்படி?” என்று கேட்டார்.

மேனேஜர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“கொள்ளாம்” என்றார்.

அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மேனேஜர் மட்டும் வண்டிவரை கூடப் போய் அவரை ஏற்றிவிட்டார்; நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் புத்தி உடனே அந்தச் சொல்லைப் பிரித்தது. கொள் என்பது பகுதி. ஆம் என்பது விகுதி. தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. ‘இவனை நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்’ என்கிறார். அதுவும் ஊருக்கே சேர்த்துப் பன்மையில்! இப்படிப்பட்ட பழைய வினைமுற்றை ஒரு சம்சாரி பிசகாமல் சொல்கிறாரே என்று அந்த வேதனையிலும் ஒரு கணம் வியந்தேன். பைத்தியக்காரத்தனம் என்றால் அதுதான்.

அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. அவர்களாக வெளியே தள்ளுவதற்கு முன் நாமாகப் போய்விடுவதுதான் மரியாதை என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரை விட்டுப் போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை குளித்துவிடலாம் என்று மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடந்தேன். நல்ல சாரல். அருவியில் ஒரே கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாம் தலையில் தண்ணீர் விழ விழக் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் ராஜினாமாக் கடிதத்துக்கு வாக்கியம் அமைத்துக்கொண்டு நின்றேன். மனைவிக்கு என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் வாக்கியம் அமையவே இல்லை.

திங்கட்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். என்ன இவ்வளவு வெள்ளன?”

“ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கேன், அண்ணாச்சி.”

கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே வாசித்துக் காட்டவும் கூச்சமாக இருந்தது.

“ஏட்டி, இங்கன வா” என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவருடைய கடைசி மகள் ஓடி வந்தாள். மூன்றாம் வகுப்பு. ஆனி மாதம் நான் வந்தபோது எழுத்து எழுத்தாகச் சொல்வாளே தவிர, கூட்டி வாசிக்க வராது. அவளோடு இரண்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“சார் கடுதாசி தந்திருக்காவ. வாசி.”

அவள் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று ஆரம்பித்தாள்.

“மேன்மை... தங்கிய... நிர்வாகி அவர்களுக்கு. தாங்கள்... என்னை... அதிகாரி... முன்... முன்னிலையில்... கொள்ளாம் என்று... கூறியமையால்... இப்பணியில் இருந்து... விலக... விளைகின்றேன்.”

“விளை இல்லம்மா. விழை. நாக்கை மடக்கு” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

“விழைகின்றேன்.”

தகப்பனார் விழித்தார். “வெலகவா? யாரு வெலகுதா?”

“சார்தான். நீங்க கொள்ளாம்னு சொன்னியளாம். அதான் போறாவளாம்.”

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் கொள்ளாம்னு சொன்னதுக்கா போறிய?”

“ஊர்ல யாருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு நீங்கதானே...”

“அடப் பாவி மனுசா! கொள்ளாம்னா நல்லாருக்குன்னுல்லா அர்த்தம்! மலையாளத்துல ஏவாரம் பாத்த வாயி, அந்தப் பேச்சுதான் வருது. இன்ஸ்பெக்டரு செங்கோட்டைக்காரரு. அவருக்கு வெளங்கிட்டு. வாத்தியார நெலையாப் போட்டுரலாம்னு அவருட்ட அன்னைக்கு வண்டி ஏறையிலயே சொல்லிட்டேன்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இலக்கணம் படித்தவன் அரண்டால் பேய்க்குப் பகுதி, விகுதி எல்லாம் பிரித்துவிடுவான். தொழுவத்துக் கல்தூணைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. மனைவியை வரச் சொல்லி எழுதலாம், இன்றைக்கே எழுதலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. மூச்சு விடுவது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

“அந்தக் கடிதத்தைக் கொடுத்துடுங்க அண்ணாச்சி, கிழிச்சுப் போட்டுடறேன்” என்று கையை நீட்டினேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, முழுசும் வாசிச்சிட்டியே” என்றார். “ஒரு எழுத்து விடாம வாசிச்சிட்டியே!”

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏ, இங்கன வந்து கேளு, உன் மக வாசிக்கிறத!” என்று சத்தம் போட்டார். அந்த அம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“முதல்ல இருந்து வாசி” என்றார் மேனேஜர், மகளிடம்.

அவள் மறுபடியும் மேன்மை தங்கிய என்று ஆரம்பித்தாள். அப்பாவும் அம்மாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தூணில் சாய்ந்து நின்று, என் ராஜினாமாவை இரண்டாம் தடவையாக முழுக்கக் கேட்டேன். இந்தத் தடவை நான் திருத்த வேண்டி இருக்கவில்லை.