அம்பாசிடருக்குப் பெரிய ஜெட் போட்ட கதை

திருச்செங்கோட்டில் உதிரிபாகம் விற்ற ஒருவர் என் அப்பாவிடம் பொய்யை விற்றார். அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே பாயும் குதிரை படம் ஒட்டி விற்றார்.

அந்தப் பெட்டியைப் பிரித்த காலையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... பெட்ரோலும் கிரீஸும் புதுப் பித்தளையும் கலந்த வாசனை.

அப்பா போர்வெல் ரிக் லாரி டிரைவர். வருடத்தில் பாதிக்கு மேல் வடநாட்டில் இருப்பார். ஊருக்கு வந்தால் புழுதியும் கொஞ்சம் இந்தியும் கூடவே வரும். அந்த முறை ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடரும் வந்தது.

காரணம் அம்மா. மூட்டுவலியால் அவளால் படியேற முடியாது. "ஒரு நா நம்ம கார்ல மலக்கோயிலுக்குப் போகணுங்க" என்று எப்போதோ போனில் சொல்லியிருந்தாள். அப்பா அதை வடநாடெல்லாம் சுமந்து திரிந்திருக்கிறார்.

வண்டியோ மேம்பாலம் ஏறுவதற்கே திணறியது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, புதுக் காரில் வந்து இறங்கி அதைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் மச்சான், இதத் தள்ளிக்கிட்டே மல ஏறுனா ஒடம்பாச்சும் எளைக்கும். அக்காவ நான் கூட்டிட்டுப் போறனுங்க, என்ற வண்டில."

"உன்ற வண்டி உன்ற பொண்டாட்டிக்கு, மாப்ள. என்ற பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போயிக்கறேன்."

அடுப்படியில் அம்மா சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள்தான் அந்தப் பெட்டி வந்தது. உள்ளே கூம்பு மாதிரி ஒரு ஏர் பில்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட். ஜெட் என்றால் பெட்ரோல் போவதற்குத் துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு. இதைப் போட்டால் குதிரைசக்தி கூடும், மலை என்ன, வானமே ஏறும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

அப்பா ஏமாளி இல்லை. ரிக் தொழிலில் கம்ப்ரஸர் பெரிதானால் குழி ஆழமாகப் போகும். பெரியதைப் போட்டால் பெரிய வேலை நடக்கும். பாறையோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைக் காருக்கும் பொருத்திவிட்டார்.

"வாய் பெருசானா தீனி அதிகம் போகும் அம்முணி. தீனி போனா பலம் வராமப் போயிருமா?" என்று என்னிடம் கேட்டார்.

நானும் தலையாட்டினேன். இரண்டையும் மாட்டி வண்டியைக் கிளப்பியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு உறுமல்... சத்தத்தைத்தான் பலம் என்று நம்பினோம்.

வெள்ளிக்கிழமை. அம்மா பட்டுச்சேலையில், முன் சீட்டில். மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறியதுமே பின்னால் கரும்புகை. விக்கி விக்கி ஒரு வளைவில் வண்டி நின்றேவிட்டது. பைக்கில் போன ஒருவன் கத்தினான்:

"அண்ணா, கொசு மருந்தா அடிக்கறீங்க?"

அப்பா சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"நான் எறங்கிக்கறனுங்க. பாரங் கொறஞ்சா ஏறீரும்."

"ஒக்காரு சரசு. காலு வலிக்கும்."

அவள் இறங்கிவிட்டாள். அப்பா ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு இறங்கி, டயருக்குக் கல் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் அந்த வயதில் யாரும் நடுரோட்டில் கை கோத்து நடப்பதில்லை. அவர்கள் நடந்தார்கள். தேங்காய்ப் பையோடு நான் பின்னால்.

அடுத்த வளைவுக்குள் அம்மாவுக்கு முடியவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

"இங்கிருந்தே கும்புட்டுக்கறனுங்க. மேல இருக்கறவரு பொண்டாட்டிக்குப் பாதி ஒடம்பையே குடுத்தவரு. எனக்காகப் பாதி மல எறங்கி வர மாட்டாரா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தேங்காயை அந்தச் சுவரிலேயே உடைத்தார். அடுத்த வாரம் ரிக் கிளம்பிவிட்டது, அவரும். கொஞ்ச நாளில் காரையும் விற்றுவிட்டோம்.

பின்னாளில் அதே திருச்செங்கோட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அதற்கேற்ற பெட்ரோல்தான் ஒழுங்காக எரியும். மிச்சம் கரும்புகை, பிளக்கில் கரி. தேய்ந்த கார்புரேட்டருக்குச் சரியான அளவில் புதுப் பாகம் போட்டால் இழந்த பலம் திரும்பும். வால்வு, கேம், சைலன்சர் என எல்லாவற்றையும் மாற்றி ட்யூன் செய்தால் கூடவும் கூடும். ஒரு பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டால் மட்டும் பலம் கூடிவிடாது.

போன மாதம் என் காரில் அம்மாவை மேலே வரை கூட்டிப்போனேன். ஏசி, சத்தமே இல்லாத எஞ்சின். அப்பா இன்னும் வடநாட்டில்தான். "உங்கப்பன் இல்லாம என்னமோ மாதிரி இருக்குது அம்முணி" என்றாள்.

கார்புரேட்டர் காலம் முடிந்தது. பொய் முடியவில்லை. பலம் கூட்டும் பெட்டி என்று எதையாவது இப்போது ரீல்ஸில் விற்கிறார்கள்... தவணையில் வண்டி வாங்கிய டாக்ஸி டிரைவர்களுக்கு, ராத்திரி பகலாக டெலிவரி ஓடும் பையன்களுக்கு. உழைக்கிறவனின் ஆசை எங்கே இருக்கிறது என்று விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் ஒரே கேள்வி கேட்கிறேன். சிலர் என் கமெண்டை அழிக்கிறார்கள். பதில் சொன்னவர் யாரும் இல்லை.

இங்கேயும் கேட்கிறேன்.

மாட்டுவதற்கு முன் குதிரைசக்தி எவ்வளவு, மாட்டிய பின் எவ்வளவு? வண்டியைச் சக்தி அளக்கும் மெஷினில் ஏற்றி, எல்லோர் கண் முன்னாலும் அளந்து காட்டுங்கள்.