மனுவில் நான் விட்ட சொல்

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கடந்த ஐந்து வருடங்களில் பதிவான சாதி வன்கொடுமை வழக்குகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். சட்டம் படிக்கிறேன், வீட்டில் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் வேறு. கேட்டதில் எனக்குப் பெருமைதான். ஒரே வரியில் பதில் வந்தது: 'வழக்குகள் ஏதுமில்லை.'

கொதித்தேன். சித்தியின் வழக்கு அந்த ஐந்து வருடத்துக்குள்தான். டீக்கடை முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தி உட்கார்ந்தாள். கடைக்காரன் எங்கள் சாதியைச் சொல்லி, நாற்காலியை எட்டி உதைத்தான். கீழே விழுந்த சித்தியின் மணிக்கட்டு ஒடிந்தது. அதை எப்படி 'ஏதுமில்லை' என்பார்கள்?

அப்போது சித்திக்காகக் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானே டைப் செய்தது. 'தகாத வார்த்தைகளால் திட்டி, நாற்காலியை உதைத்தார்.' அவ்வளவுதான். எங்கள் சாதியின் பெயர் எங்கும் இல்லை. முதல் தகவல் அறிக்கையிலும் என் வாக்கியமே அப்படியே ஏறியிருந்தது. அதனால் பதிவில் அது வெறும் அடிதடி வழக்கு, சாதி வன்கொடுமை வழக்கு அல்ல.

அன்று நான் டைப் செய்யும்போது பின்னால் நின்று சித்தி சொன்னாள்: "அவன் சொன்ன வார்த்தையையும் எழுது மக்கா."

"அதெல்லாம் மனுவில எழுதமாட்டாவ சித்தி. டீசன்டா இருக்கணும்."

பொய். பக்கத்து நாற்காலியில் என் வகுப்புப் பையன் ஒருவன் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சாதி அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

பதிலை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை இன்னும் முழுசாக மடங்காது.

"நாலாளு கேக்க அவன் கூவுனான். கேட்டுட்டு நான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். உனக்கு எழுதவே வெக்கமா இருந்துச்சோ லேய்?"

பதிலை மடித்துப் பிடித்தபடி நின்றேன்.

"நின்னா போதுமா? பேப்பர எடு. மேலதிகாரிக்கு எழுது."

தரையில் உட்கார்ந்து பேனாவால் எழுதினேன். அந்த இடம் வந்ததும் கை நின்றது. சித்தி அருகில் வந்து குனிந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அந்தச் சொல்லை எழுதி முடித்ததும், ஈர விரலைத் தாளின் மேல் வைத்துக் கேட்டாள்:

"இதுதானா?"

"ஆமா சித்தி."

"வாசி."

வாசித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு இல்லை.

"உரக்க வாசி மக்கா," என்றாள்.