காற்றுக் கரண்டும் கப்பல் விசிறியும்

கூரைமேல் சூரியத் தகடு மாட்ட வருகிறவர்கள் இப்போது வாசலிலேயே நின்று கேட்கிறார்கள்: "பெரியவரே, வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?" பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. வீட்டில் எந்த மாதிரிக் கரண்ட் ஓடுகிறது என்று தெரியாமல் எதையும் மாட்டக் கூடாது. நாலாம் வகுப்போடு நின்ற நான் இதை அந்தமான் தீவு மாயாபந்தரில், அறுபதுகளின் கடைசியிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவன்.

அப்போது அரசாங்க லைன் ஜெட்டிப் பக்கத்து ஆபீசுகளோடு நின்றது. மேட்டில் என் மளிகைக் கடை, அதன் பின்னால் தகரக் கூரை வீடு. ஓடாமல் கிடந்த லாரியிலிருந்து டைனமோவைக் கழற்றி, படாக் மரத்தில் இறக்கை செதுக்கி, உயரமான கம்பத்தில் ஏற்றினேன். காற்று சுற்றியது, பேட்டரி நிறைந்தது, சாயங்காலம் பல்பு எரிந்தது. அந்த மேட்டில் காற்றைப் பிடித்து விளக்கேற்றிய முதல் ஆள் நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்ப வேண்டாம். பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

அந்த வருஷம் என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூச்சுத் திணறல் போகவில்லை. தகரம் காய்கிற மத்தியானங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "காற்றோட்டம் வேண்டும். இல்லையென்றால் கோடை முடியும்வரை மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார் டாக்டர். போனால் திரும்பி வருவாளா என்று எனக்குச் சந்தேகம். தீவு அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

மெயின்லேண்ட் கப்பல் சரக்கு இறங்கினால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். முதலில் வாங்கிவிடுவது, எதற்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வது. நின்று விசாரிக்கிறவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்படித்தான் ஒரு பெரிய மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் பேட்டரியில் இணைத்தேன். முனகல்கூட வரவில்லை.

பவர் ஹவுசில் வயர்மேனாக இருந்தவர் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, உம்ம காத்து குடுக்கறது பேட்டரி கரண்டு. ஒரே பக்கமா ஓடும். இந்த ஃபேனுக்கு லைன் கரண்டுலா வேணும், முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே வருமே, அது. சத்தும் பத்தாது."

"அப்ப லைனை இழுத்துக் குடும்வே."

"மேட்டுக்குப் போஸ்ட்டே வரல. வந்தாலும் இஞ்சின் ஓடுறது சாயங்காலந்தான். மதினிக்கு மூச்சு முட்டுறது மத்தியானம்லா?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "லைட்டு போட்டவுக ஃபேனும் போட்டுருவாகன்னு ஊரெல்லாம் சொன்னீகளே. இப்ப அது துணியப் போத்திக்கிட்டு மூலைல உக்காந்திருக்கு, மாமியா வீட்டுக்கு வந்த புதுப்பொண்ணு கணக்கா."

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சரக்கு எடுக்கப் போர்ட் பிளேர் போனபோது, படகு கட்டுகிற துறையான ஃபீனிக்ஸ் பே முழுக்கச் சுற்றினேன். படகுகளுக்கு லைன் ஏது? அதில் ஓடுவதெல்லாம் பேட்டரி கரண்ட்தானே. இது என் மூளையில் உதித்தது, வயர்மேன் சொன்னதல்ல. உடைக்கப் போட்டிருந்த லாஞ்ச் ஒன்றின் கேபினில், கிண்ணம் அளவே உள்ள, துருப்பிடித்த விசிறி கிடைத்தது. வீட்டில் மாட்டியதும் தகரம் அதிர்கிற சத்தத்தோடு ஓடியது. அவள் அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

ஆனால் ஏப்ரலில் காற்று செத்துவிட்டது. வெயில் ஏற ஏற இறக்கை அசையவில்லை. பேட்டரியில் சேர்வது கொஞ்சம். சாயங்காலம் விளக்குப் போட்டால் மறுநாள் மத்தியானம் விசிறி பாதியில் நிற்கும். நிற்கிற நாளெல்லாம் அவளுக்கு உதடு வெளுக்கும்.

ஒருநாள் பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்கினாள். "அடுத்த கப்பல்ல போறேன். உங்க லைட்டு எரியட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவளிடம் மூச்சு இல்லை.

நாற்காலி போட்டு ஏறி, பல்புகளை நானே கழற்றினேன். கடைக்கு லாந்தர் வந்தது. பக்கத்து பெங்காலிக்காரர் உப்பு வாங்க வந்து, "அரே அண்ணாச்சி, பிஜிலி வாலா வீட்டுலயும் லாந்தர்தானா?" என்று கேட்டு இளித்தார். பிஜிலி வாலா என்றால் கரண்ட்காரன். காற்றாடி ரிப்பேர் என்று சொல்லிவைத்தேன். கோடை முடிகிறவரை அதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அவள் போவதாகச் சொன்ன கப்பல் கிளம்பிய மத்தியானம் ஊதல் சத்தம் மேடுவரை கேட்டது. அவள் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தூசியெல்லாம் என் முகத்தில் வந்து விழுந்தது.

"கொஞ்சம் நகந்து உக்காருங்களேன்" என்றாள்.