லோரீனின் மடக்கு நாற்காலி

லோரீன் ப்ரூங்கார்ட்டுக்கு வாய் நீளம். சனிக்கிழமைதோறும் கான்சாஸின் எங்கள் கோதுமை ஊரிலிருந்து நகரத்துக் கருக்கலைப்பு கிளினிக் வாசலுக்கு ஜெபமாலை சொல்லப் போகிற எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நடைபாதையில் அவளுடைய பச்சை மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் வாயில் வைக்க முடியாத காப்பி. வேறு சபைப் பையன்கள் ஒலிபெருக்கியோடு வந்து, உள்ளே போகிற பெண்களைக் கொலைகாரி என்று ஏசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கத்தணும்னா ஃபுட்பால் மேட்சுக்குப் போங்கடா" என்று விரட்டுவாள். ஆனால் கரு உண்டான நொடியிலிருந்தே அது உயிர் என்பதில் அவளிடம் பேரம் கிடையாது.

ஜெபமாலையைப் பத்துப் பத்து மணிகளாக உருட்டிச் சொல்வோம்; ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்னால் அது யாருக்காக என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது வழக்கம். அவள்தான் சொல்வாள்: "பிறக்காத பிள்ளைகளுக்காக."

அந்த வசந்தத்தில் அவள் மகள் மேகன் ஆசை ஆசையாய்ச் சுமந்த பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிறந்தாலும் நிலைக்காது என்றார் டாக்டர். பெற்று, ஞானஸ்நானம் கொடுத்து, கொஞ்ச நேரமாவது மடியில் வைத்துக்கொள் என்று லோரீன் அழுது கெஞ்சியிருக்கிறாள். வயிற்றைப் பார்த்து எல்லோரும் எப்போது குழந்தை என்று கேட்கிறார்கள், என்னால் இனி முடியாது என்றாளாம் மேகன். மேகனின் கணவன் கலைப்பதற்கு ஒப்பவில்லை. கூட வர மறுத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை கிளினிக் வாசலில் நின்ற எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. லோரீனின் வண்டியைக் கண்டதும் அவளுடைய பழைய சிநேகிதி பெர்டா நாற்காலியை விரித்துப் போட்டாள். மகளும் இறங்குவதைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"பரவாயில்லையே, மகளையும் ஜெபத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டியே."

லோரீன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தாண்டி நடந்தாள். கதவருகே திரும்பினாள்.

"எனக்கு இதுல இன்னும் சம்மதமில்ல, பெர்டா. ஆனா எம்மக தனியா போகமாட்டா."

எனக்குக் கோபம்கூட வந்தது, பொய் சொல்வானேன்.

மேகனை உள் அறைக்கு அழைத்துக்கொண்டதும் லோரீன் வெளியே வந்து, எங்களிடம் வராமல் சுவரோரம் குளிர்காற்றில் நின்றாள். வா என்று ஒருவர் கூடக் கூப்பிடவில்லை. பெர்டாதான் கடைசியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைத்தாள். லோரீன் உட்கார்ந்து மாலையை எடுத்தாள். யாருக்காக என்று சொல்ல வேண்டிய இடத்தில் முதல் மணியையே விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குப் பேரு வச்சாச்சாடி?" என்றாள் பெர்டா.

"காஸ்பர்."

அது லோரீனின் இறந்துபோன கணவன் பெயர்.

"இந்தப் பத்துமணி காஸ்பருக்காக" என்று தொடங்கிய பெர்டா, மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் அம்மாவுக்காகவும்."

இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நாங்கள் ஒரு அம்மாவையும் சேர்த்துச் சொன்னதில்லை.