எச்சில் படாத அட்டைகள்

எழுபதுகளில், கல்லூரி விடுமுறைக்குத் திருவொற்றியூர் ஆலை ஒன்றில் ஆராய்ச்சிப் பயிற்சி. எஃகு எங்கே விரிசல் விடும் என்ற கணக்கை அட்டைகளில் துளையிட்டு, அட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும், கிண்டியிலிருந்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன். வாசலில் முறுக்குமீசைக் காவலாளி, விரலில் எச்சில் தொட்டு முந்நூறு அட்டைகளையும் எண்ணித்தான் வெளியே விடுவார். ஈர அட்டைகள் இயந்திரத்தில் சிக்கி, இரண்டு முறை கணக்கு ஓடவே இல்லை.

கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு நாளில் அவரிடம் கெஞ்சினேன். "எச்சில் வைக்காதீங்கண்ணே, மெஷின் எடுக்கமாட்டேங்குது."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா?"

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு எண்ணினார். உலர்ந்த விரல் வழுக்கியது. எண்ணிக்கை தவறத் தவற, முதலிலிருந்து ஆரம்பித்தார். பஸ் போயிற்று, கம்ப்யூட்டரில் எனக்கு ஒதுக்கிய நேரமும் போயிற்று.

நான்காம் முறை முடித்து, அட்டைக் கட்டை என் கையில் வைத்தார்.

"பாத்துக்கோ, ஒரு சொட்டு எச்சி படல."

திட்டுவதற்குத் திறந்த வாயால் அவருக்கு நன்றி சொன்னேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.