கொலைக்கு முதல் நாள்

சித்தி என் சித்தப்பாவைக் கொல்லப் போகிறாள் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அதற்கான பாடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான்.

அப்போது காரைக்குடியில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பாக இருந்தோம். முழுப்பரீட்சை லீவு. அம்மா வேலைக்குப் போகும்போது என்னைச் சித்தியிடம் விட்டுப் போவாள். சித்திக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டாளாம். அதனால் நூலகத்திலிருந்து அவள் எடுத்துவரும் புத்தகங்களை நான்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லாமே ஊரை உலுக்கிய உண்மைக் கொலைகள். சோற்றில் விஷம், கிணற்றில் பிணம், சாக்குமூட்டையில் கால். பட்டப்பகலில் கக்கூசுக்குத் தனியாகப் போகவே பயப்படுவேன்.

சித்திக்கோ கொலையில் அக்கறையே கிடையாது. வெங்காயம் உரித்தபடி, "அதெல்லாம் கெடக்கட்டும்டி. முத நாள் என்ன நடந்துச்சு? அதைத் திரும்ப வாசி" என்பாள். கொன்றது புருஷனோ பெண்டாட்டியோ, முதல் நாள் மட்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. பிரியமாகப் பேசினார்கள், ஊட்டிவிட்டார்கள், வெளியூருக்குக் கூட்டிப்போனார்கள். உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிடும். அடிப்பாவி, திட்டம் போடுகிறாளே என்று எனக்கு உதறல் எடுக்கும்.

சித்தப்பாவை நினைத்தால் அழுகையாக வரும். எனக்கு அவர் தங்கமான மனுஷன். தேங்காய் பன் வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டார். அவருக்கு வைத்த காபியை வழியிலேயே ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். சாகவில்லை என்றால் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த லீவு முழுக்க என் எச்சில் காபியைத்தான் மனுஷன் குடித்தார்.

ஒரு சாயங்காலம் மல்லிகைப்பூவோடு வந்தார். சித்தியிடம் அவர் அப்படிக் குழைந்து பேசி நான் கேட்டதே இல்லை. "நாளைக்கு வெள்ளன திருக்கோஷ்டியூர் போவோம். நம்ம ரெண்டு பேரு மட்டும், பைக்குல" என்றார்.

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. "நீக சொன்னாச் சரித்தான்" என்று பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். என்னா நடிப்புடா சாமி என்று நினைத்தேன். நாளைக்குச் சித்தப்பா கதை முடிந்தது.

காலையில் அவர் பைக்கைத் துடைக்க வாசலுக்கு வந்தார். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "போகாதீக சித்தப்பா! போனாச் செத்துருவீக!" தெருவே வேடிக்கை பார்க்க உருண்டு புரண்டு கத்தினேன். முதலில் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏய், கெளம்பிட்டியா இல்லையா?" என்றார். உள்ளே போகத் திரும்பிக் காலை உதறினார்.

"விடு சனியனே!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் விடவில்லை. விட்டால் செத்துப்போவாரே!

ஒருவழியாக என்னைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவர் உள்ளே போனபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. சித்தி இல்லை. மதுரை பஸ் ஏறி அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அப்புறம் அவள் திரும்பி வரவேயில்லை.

சேதி கேட்ட அம்மா, "நல்லவேளை" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன். தெருமுனைப் பிள்ளையாருக்கு மூச்சு வாங்கும்வரை தோப்புக்கரணம் போட்டேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. காப்பாற்றியது உண்மைதான். யாருடைய உயிரை என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.