ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை மார்க்

அந்த வருஷப் பொங்கலுக்கு நான் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். டூட்டி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன். டூட்டிதான், பொய் இல்லை. ஆனால் அந்த டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின நாலு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு லீவு இருந்தது என்பதையும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர். உலையைக் குளிர வைக்கிற தண்ணீரைத் தள்ளும் பம்ப் ஹவுஸ், கம்பெனியின் கடைசி மூலையில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நானும் மூன்று மோட்டாரும்தான். அந்தச் சத்தத்தில் நான் பேசினால் எனக்கே கேட்காது. நீங்கள் அம்மாவோடு திருவாலங்காட்டில் இருந்தீர்கள். அம்மாவுக்கு அங்கே பால்வாடியில் வேலை, விட்டுவிட்டு வர முடியாது.

வார லீவு ஆளுக்கு ஒரு நாள். எனக்குச் செவ்வாய். செவ்வாய் காலையில் கிளம்பி, ரயில் மாறி நான் வீட்டுக்கு வந்து சேரும்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். நாலரைக்கு வருவீர்கள். ஆறு மணிக்கு நான் மறுபடி ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேர அப்பா. சூப்பர்வைசர் ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு. அதற்கு டிகிரி வேண்டும். தபால் வழியில் பல வருஷமாகப் படித்துப் படித்து எல்லாப் பேப்பரும் முடித்து, கடைசியாக நின்றது உலக வரலாறு ஒன்றுதான். அந்தப் பேப்பரை மட்டும் அந்த வருஷத்திலிருந்து ஆன்லைனில் நடத்தப் போவதாகக் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது.

செல்போனில் நெட் வராத காலம் அது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கடைக்காரர் ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் விதிமுறைகளை நாலு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். "இன்னா நைனா, செத்துப்போன ராஜாங்க சண்ட போட்டதுக்கெல்லாம் உனுக்கு மார்க் தர்றாங்களா?" என்று கேட்டார்.

அந்த நாலு தாளையும் ட்ரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். பழைய ட்ரங்கில் பசைக் கறை இருக்கிறதே, அது அதுதான். ரூமில் கூட இருந்தவர்கள் வேறு வேறு கம்பெனி. நான் வரும்போது அவர்கள் போவார்கள். பெட்டியைத் திறந்தால் அந்த விதிகள்தான் முகத்துக்கு நேராக நிற்கும். மனப்பாடமே ஆகிவிட்டது. வாரத் தேர்வுக்கு இருபது, இரண்டு கட்டுரைக்கு முப்பது, கடைசிப் பரீட்சைக்கு முப்பது. மிச்சம் இருபது, கலந்துரையாடலுக்கு. தாமதமாகக் கொடுத்தால் மார்க் குறையும், காப்பி அடித்தால் சைபர். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. கலந்துரையாடலும் புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

பத்து வாரம். வாரா வாரம் ஒரு தலைப்பு. நாம் ஒரு பக்கம் எழுத வேண்டும், அதற்கு அரை மார்க். கூடப் படிக்கிறவர்கள் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும், அதற்கு ஒன்றரை. ஒருவருக்கு மட்டும் எழுதினால் ஒன்றும் கிடையாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த வாரம் மூடிவிடும், அதற்கு மேல் எழுதினால் மார்க் இல்லை. இருபதுக்குக் குறைந்தது பத்து இருந்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்.

செவ்வாய்க்கிழமை காலையில் சென்டரில் எழுதிவிட்டு, பிறகு உங்களைப் பார்க்க ரயில் ஏறுவேன். தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் சதுரம் சதுரமாகத்தான் வந்தது. அதனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். கூடப் படிக்கிற ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து முஸ்லிம் அம்மா ஒருவர், இரண்டாம் வாரத்தில், கடல் பயணங்கள் என்ற தலைப்புக்கு நன்றாக எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறது. அதைப் பற்றி எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "இவ்ளோ தூரம் வந்து இங்கியே செத்துப்போனாங்களே, இவங்க ஊட்டுக்கு சேதி போய்ச் சேர எத்தன நாள் ஆகியிருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

வாரம் முழுக்க பம்ப் ஹவுஸில் அதையே யோசித்தேன். அடுத்த செவ்வாய் பதில் எழுதினேன். கப்பல் போக ஆறு மாசம், வர ஆறு மாசம் என்று பாடத்தில் இருந்ததைச் சொல்லி, பிள்ளை பிறந்த சேதி இங்கே வந்து, பதில் அங்கே போய்ச் சேரும்போது அந்தப் பிள்ளை நடக்க ஆரம்பித்திருக்கும் என்று எழுதினேன். என் இரண்டு பிள்ளைகளும் தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்றும் சேர்த்தேன். எனக்கே பிடித்திருந்தது. அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

வாரா வாரம் இப்படியே. இரண்டு பேருக்கு எழுதுவேன், யாரும் எனக்கு எழுத மாட்டார்கள். அந்த அம்மாவோ, "என் கேள்விக்கு யாருமே பதில் போடறதில்ல" என்று தன் பக்கத்தில் குறைப்பட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதுகிறேனே, நான் ஒரு ஆளாகத் தெரியவில்லையா? மோட்டாரோடு பேசுகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்ததும் மார்க் போட்டார்கள். எனக்குக் கலந்துரையாடலில் மூன்று. பக்கத்தில், 'பதில்கள் இல்லை' என்று இருந்தது. பதறிப்போய் ஆசிரியருக்கு எழுதினேன். அவர் ஒரே வரியில், 'நீங்கள் இதுவரை யாருக்கும் பதில் அளிக்கவில்லை' என்று அனுப்பினார்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது யாரு பக்கம் நைனா?"

"என்னுதுதான்."

"அந்தம்மா எழுதனத எங்க படிச்ச?"

"அவங்க பக்கத்துல."

"அங்க கீய பதில்னு ஒரு பட்டன் கீதே, அத்த அமுக்கினியா?"

"அது அவங்க பக்கம்ணா. அதுல நான் எப்டி கை வெக்கறது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடப் போ நைனா! உன் ஊட்டு செவுத்துல எழுதிக்கினு, எதிரூட்டுக்காரி பதில் சொல்லலன்னு ஆறு வாரமா பேஜாராவறியே!" மற்ற கம்ப்யூட்டரில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் செய்ததற்குக் காரணம் உண்டு. பம்ப் ஹவுஸ் லாக் புக்கில் பக்கத்துக்கு இரண்டு கட்டம். பகல் ஆளுக்கு ஒன்று, இரவு ஆளுக்கு ஒன்று. இரவு ஆள் தன் கட்டத்தில், 'இரண்டாம் பம்பில் தண்ணீர் கசிகிறது' என்று எழுதிவிட்டுப் போவார். நான் என் கட்டத்தில், 'பார்த்தேன், இறுக்கினேன்' என்று எழுதுவேன். அவர் வந்து படித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் எழுத்துக்குக் கீழேயே பதில் எழுதிவிட்டேன். இன்ஜினீயர் எல்லார் எதிரிலும், "அடுத்தவன் கட்டத்துல உன் பேனா இன்னாத்துக்குப் போச்சு? நாளைக்கு எதனா வெடிச்சா எவன் கையெழுத்துன்னு தேடறது?" என்று கேட்டு மெமோ கொடுத்தார். அதற்குப் பிறகு அடுத்தவர் கட்டத்தில் நான் கை வைத்ததே இல்லை. பல்கலைக்கழகப் படிப்பிலும் வைக்கவில்லை.

மூடிய வாரங்கள் மூடியதுதான். மிச்சம் நாலு வாரம். நாலிலும் முழுசாக வாங்கினால் எட்டு, ஏற்கெனவே மூன்று, மொத்தம் பதினொன்று. ஒரு வாரம் பதில் தவறினால் ஒன்பதரை. ஹால் டிக்கெட் இல்லை. செவ்வாய்க்கிழமை போய் உட்கார்ந்தால் அந்த வாரத் தலைப்புக்கு அதுவரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இதுவரை நான் பதில் எழுதியதெல்லாம் முந்தின வாரத்துப் பக்கங்களுக்கு; பட்டனை அமுக்கியிருந்தாலும் அதற்கு மார்க் இல்லை, மூடும் நேரம் பதிலுக்கும் உண்டு என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாரும் ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். அன்று அங்கே நான் இருக்க வேண்டும்.

ஞாயிறு லீவு எங்கள் சீனியர் ஆபரேட்டருடையது. சோழவரம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர். அவரிடம் போய் நின்றேன்.

"ஞாத்திக்கெழம உனுக்கு இன்னாத்துக்குபா? திடீர்னு பொண்ணு கிண்ணு பாக்கப் போறியா?"

"படிப்பு விஷயம்ணா. உலக வரலாறு."

"உலகத்த உடு. நம்ம பம்ப் ஹவுஸு வரலாறு தெரியுமா? பதினாலு வருசம் காத்துக்கினு இருந்து எனுக்குக் கெடச்ச ஞாத்திக்கெழம அது." பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "நாலு வாரம் எட்த்துக்கோ, உன் செவ்வாக்கெழமய நான் எட்த்துக்கறேன். பொங்கலு மூணு நாளும் இந்தத் தபா என் டூட்டி. அத்த நீ பாத்துக்கோ. அறுப்பு கீது எனுக்கு."

உங்களைக் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. சரிண்ணா என்றுவிட்டேன்.

அன்று இரவு டூட்டி முடிந்து, பூத்திலிருந்து உங்கள் அம்மாவின் செல்லுக்குப் போன் செய்தேன். சின்னவள் எடுத்தாள்.

"அப்பா, செவ்வாக்கெழம வருவல்ல?"

"டூட்டிமா."

"ஞாத்திக்கெழம?"

"அன்னிக்கும் டூட்டிதான்."

"எல்லா நாளும் டூட்டின்னா நீ எப்பதான் தூங்குவ?"

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு பூத் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் ஞாயிறு, காலை நாஷ்டா முடித்து ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் முந்தின வாரத்துப் பக்கத்தைத் திறந்து, முதல்முறையாகப் பதில் என்ற பட்டனை அமுக்கினேன். விரல் கூசியது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து என் பக்கங்களில் உங்களுக்குப் பதில் இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள் என்று எழுதினேன். மாலை நாலு மணிக்குத் திறந்து பார்த்தபோது எனக்கு ஐந்து பதில் வந்திருந்தது. ஐந்தும் அவர்தான். மூடிய வாரங்களுக்குப் போய், ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தார். அதற்கு அவருக்கும் மார்க் கிடையாது, எனக்கும் கிடையாது. கப்பல் பற்றி நான் எழுதியதன் கீழே இப்படி இருந்தது: "அண்ணே, டச்சுக்காரன் சேதி மாதிரி உங்க பதிலும் அஞ்சு வாரம் கழிச்சு வந்து சேந்துச்சு. ஆனா வந்துச்சு. உங்க புள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் பிள்ளைகளைப் பற்றி அந்த ஊரில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

அன்றும் அடுத்த இரண்டு ஞாயிறும் தலா இரண்டு பதில் போட்டேன், பழுதில்லாமல் போயின. கடைசி ஞாயிறு மட்டும் ஐந்து மணி வரைக்கும் ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். இன்னொருவர் வேண்டும். ஐந்தரை ஆயிற்று. "உன் கூட்டாளிங்க எல்லாம் தூங்கிட்டாங்களா நைனா?" என்று கடைக்காரர் கேட்டார். ஐந்தே முக்காலுக்கு அந்த அம்மாவின் பக்கம் வந்தது. 'கடையில கூட்டம், இப்பதான் எழுத முடிஞ்சது' என்று ஆரம்பித்து எட்டு வரிதான். நான் நாலு வரி பதில் தட்டினேன். பட்டனை அமுக்கும்போது ஆறாக ஐந்து நிமிஷம்.

பொங்கல் அன்று பம்ப் ஹவுஸில் இருந்தேன். தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனி மூடியிருந்தது. உலை நிற்காது, அதனால் பம்ப்பும் நிற்காது. நண்பகலில் கேன்டீன் ஆள் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். லாக் புக்கில் பன்னிரண்டு மணி ரீடிங் எழுதிவிட்டுச் சாப்பிட்டேன்.

பரீட்சை எழுதினேன். மொத்தம் நாற்பத்து மூன்று, பாஸ். அந்த அம்மா என்ன மார்க் வாங்கினார் என்று தெரியாது. பேப்பர் முடிந்ததும் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டார்கள். அவருக்கு நன்றி சொல்ல விலாசம் எதுவும் என்னிடம் இல்லை.

சூப்பர்வைசர் வேலை வர அதற்கு மேல் ஒன்றரை வருஷம் ஆயிற்று. முதல் சனிக்கிழமை இரவே வந்துவிட்டேன், நீங்கள் தூங்கியிருந்தீர்கள். ஞாயிறு காலையில் பெரியவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்து நின்றான். "அப்பா, இன்னாத்துக்கு வந்துக்கிற? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். இல்லடா, இன்னிக்கு லீவு என்றேன். "ஞாத்திக்கெழமயா?" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான். சின்னவள் டியூஷனுக்குப் போனாள். நான் மத்தியானம் வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

அந்த நாலு ஞாயிறையும் உங்களுக்குக் கொடுத்திருக்கலாமா, ஒரு வருஷம் கழித்துப் பரீட்சை எழுதியிருக்கலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். போனில் வேண்டாம், எனக்கு வாய் அடைத்துவிடும். இந்தப் பக்கத்தில் பாதியை விட்டுவைத்திருக்கிறேன். என் எழுத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.